ஐ.சி.யூ. வாசலில் எனக்குக் கிடைத்த வேலை

எங்கள் சொந்தத்துக்குள் யாருக்காவது ஆஸ்பத்திரி என்றால் முதல் போன் எனக்குத்தான் வரும். நான் டொக்டரும் இல்லை, நேர்சும் இல்லை. கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்கு இருக்கிற ஒரே தகுதி, சிங்களம் தடக்காமல் வரும். வாட்டில் நின்று கேள்வி கேட்கப் பயப்படமாட்டேன் என்பதையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

வெள்ளவத்தையில் இருந்தால் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு என்று எங்கே வருத்தம் வந்தாலும் "கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டுவம்" என்று கிளம்புகிறவர்கள் கடைசியில் வந்து இறங்குவது இங்கேதான். காலி வீதிக்கும் மரீன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் நாள் வாடகைக்கு ஃபிளாட் கிடைக்கும், கீழே இறங்கினால் இடியப்பமும் சம்பலும் கிடைக்கும், எல்லோரும் தமிழில் கதைப்பார்கள். ஆஸ்பத்திரிக்குள் போனதும்தான் பாஷை மாறும். டொக்டர் பாதி ஆங்கிலத்திலும் பாதி சிங்களத்திலும் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். அதை ஒருத்தர் போனில் ஸ்காபரோவுக்கோ லண்டனுக்கோ சொல்வார். அங்கிருந்து ஒரு பதில் வரும். அந்தப் பதிலை நான் திரும்பச் சிங்களத்தில் டொக்டருக்குச் சொல்ல வேண்டும்.

பதில் அநேகமாக ஒன்றுதான். "காசைப் பற்றி யோசிக்காதேங்கோ. எல்லாம் செய்யச் சொல்லுங்கோ. நான் டிக்கெட் போட்டு வாறன், வந்து முகம் பாக்குமட்டும் வைச்சிருங்கோ."

சொல்கிறவர்களின் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அம்மாவை விட்டுவிட்டுப் போய் முப்பது வருஷம் பனியில் வேலை செய்தவனுக்கு வேறு என்ன சொல்ல வரும்? ஆனால், அப்படிச் சொன்ன பிறகு கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. வாசலில் நிற்கிற எங்களுக்கும் பாதிதான் தெரியும்.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். குடலில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் சுவாசப்பைக்கும் பரவியிருந்தது. அதை அவவுக்கு யாரும் சொல்லவில்லை. "உள்ளுக்கை ஒரு புண், மருந்து போட ஆறிடும்" என்பதுதான் வீட்டுக் கதை. ஒருநாள் சளிக்காய்ச்சல் வந்து மூச்சு இழுத்தது. ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம், எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் அன்றிரவு அப்படித்தான் நடந்திருக்கும். ஆங்கிலத்தில் ஒரு ஃபோர்ம், கையெழுத்து, முற்பணம். மூக்குத்தியையும் இரண்டு காப்பையும் ஒரு உறையில் போட்டு என் கையில் தந்துவிட்டுத் தொண்டைக்குள் குழாய் இறக்கினார்கள்.

அடுத்த நாள் பச்சைக் கவுண் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். வாயில் குழாய், அது நழுவாமல் இருக்கக் கன்னத்தில் பிளாஸ்டர். மூக்கால் சாப்பாட்டுக்கு ஒரு குழாய். கழுத்து நரம்பில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, சிறுநீருக்கு ஒன்று. மயக்க மருந்து கொஞ்சம் குறையும்போது கை தானாகத் தொண்டைக்குழாயைப் பிடித்து இழுக்கப் போகும். அதனால் இரண்டு கைகளையும் பஞ்சு சுற்றிக் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். நேர்ஸ் பிள்ளை நல்ல பிள்ளை. "அம்மே, அத்த ஹொல்லன்ன எபா" என்று தலையைத் தடவிச் சொன்னாள். கையை ஆட்டாதேங்கோ அம்மா என்று. வாழ்நாள் முழுக்கக் கோண்டாவிலில் இருந்த பெரியம்மாவுக்கு அதில் 'அம்மே' தவிர ஒன்றும் விளங்கியிருக்காது. அதுவாவது விளங்கியிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

வெளியே எங்களுக்குக் கிடைத்தது எண்கள். பிரஷர் இத்தனை, ஒக்சிஜன் இத்தனை. "இண்டைக்குக் கிரியற்றினின் குறைஞ்சிருக்காம்" என்று ஒரு காலையில் சொன்னபோது முழுக் குடும்பத்துக்கும் முகம் மலர்ந்தது. கனடாவில் நடுச்சாமத்தில் ஒருத்தர் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தார். ஈரல் முழுக்கப் பரவிய புற்றுநோய் அந்த எண்ணில் தெரியாது. டொக்டர் ஓடையில் நின்று மூன்று நிமிஷம் கதைத்தார், "ஃபிஃப்டி ஃபிஃப்டி" என்றார். அவவுக்கு மரணம் நெருங்கிவிட்டது என்று யாரும் ஒரு வசனமாகச் சொல்லவே இல்லை. சிறுநீரகம் விட்டதும் டயலிசிஸுக்குக் கேட்டார்கள். ஸ்காபரோ "ஓம்" என்றது. மகன் டோஹா வழியாக வந்து இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். முகம் பார்க்கத்தானே வந்தார்? உள்ளே போய் மொனிட்டரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அறைக்குள் போன நாங்கள் எல்லோரும் அப்படித்தான். கண் தானாக அங்கே போய்விடும்.

இதை எழுதினால் "அப்ப ஐ.சி.யூ. கூடாதெண்டு சொல்லுறியோ?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. 2017இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. 440 பேரளவில் செத்தார்கள். சாவு அந்த அளவில் நின்றதற்கு, பிளாஸ்மா கசிந்து பிரஷர் விழுந்த பிள்ளைகளை மணிக்கு மணி சேலைன் அளந்து காப்பாற்றிய வாட்டுகளும் ஐ.சி.யூ.க்களும் ஒரு காரணம். எங்கள் ஒழுங்கையிலேயே அப்படித் திரும்பி வந்து இப்போது கம்பஸ் படிக்கிற ஒரு பெடியன் இருக்கிறான். டெங்கு சில நாட்களில் தானாகத் திரும்புகிற வியாதி. அந்த நாட்களை உடம்பு தாண்டிவிட்டால் போதும். தாண்ட வைப்பதற்குத்தான் அந்த இயந்திரமெல்லாம்.

ஐ.சி.யூ. பிறந்த கதையும் அதேதான். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுத் தசை செயலிழந்த பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வந்து வந்து செத்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டொக்டர் 12 வயதுப் பெண் பிள்ளை ஒன்றின் தொண்டையில் துளை போட்டு, குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தார். பிள்ளை பிழைத்தது. அதன் பிறகு 1,500 பேரளவு மருத்துவ மாணவர்கள் முறைபோட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, இரவு பகலாகப் பை அமுக்கினார்கள். தசைக்குத் திரும்பப் பலம் வரும் வரைக்கும் மூச்சைக் கடன் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே அப்படிப்பட்ட நோயாளிகளுக்கென்று தனி வாட்டு திறக்கப்பட்டது. திருப்பிக் கட்டக்கூடிய உடம்புக்குக் கொடுத்த கடன் அது. என் பெரியம்மாவின் உடம்பு எதைக் கொண்டு கட்டும்?

நெஞ்சை அமுக்கி உயிர் கொடுப்பதும் அப்படித்தான். 1960இல் அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் எழுதப்பட்ட முறை அது. திடீரென்று நின்றுபோன, மற்றப்படி நல்ல இதயத்துக்கு அருமையான விஷயம். 1996இல் யாரோ மினக்கெட்டு அமெரிக்க டீவி நாடகங்களில் வருகிற சி.பி.ஆர். காட்சிகளை எண்ணிப் பார்த்தார்கள்: நாலில் மூன்று பேர் உடனேயே பிழைத்தார்களாம். நிஜ ஆஸ்பத்திரிகளில் நெஞ்சு அமுக்கப்பட்டு உயிரோடு வீடு போகிறவர்கள் அதில் சின்னப் பங்கு. புற்றுநோய் பரவிய முதியவர்களில் இன்னும் சொற்பம். விலா எலும்பு முறிகிறது என்பதை எந்த நாடகமும் காட்டாது.

இனி மற்றப் பக்கம். கொட்டாஞ்சேனையில் என்னோடு கம்பனியில் வேலை செய்த சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். ஜம்பட்டா வீதிப் பக்கம் மேல்மாடி வீடு. அவளுடைய பப்பா ஹாபரில் வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். புற்றுநோய் சுவாசப்பையில் தொடங்கி எலும்புக்குப் பரவியிருந்தது. மனிதர் கிளினிக்கில் நேரே கேட்டார்: "டொக்டர், இது சுகமாகிற வருத்தமா, இல்லையா?" இல்லை என்று டொக்டர் சொன்னார். "அப்ப நோவை மட்டும் குறைச்சு விடுங்க, நான் வீட்டில கிடக்கிறேன்" என்றார் பப்பா. கொட்டாஞ்சேனைக்காரரின் தமிழ் எங்களுடையதைப் போல இழுபடாது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

கொட்டாஞ்சேனையில் ஏறினால் 112ஆம் நம்பர் பஸ் மகரகமவில் கொண்டுபோய் விடும். அந்த பஸ்ஸில் கோப்பும் எக்ஸ்ரே உறையுமாகப் போகிறவர்கள் எங்கே இறங்குவார்கள் என்று கொண்டக்டருக்கே தெரியும். நாட்டின் பிரதான புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கே. இப்போது அபேக்ஷா என்று பெயர். வருஷத்துக்கு 30,000 பேருக்கு மேல் புதிதாகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிற நாடு இது, அதனால் அந்த வாசலில் கூட்டம் குறைவதே இல்லை. பக்கத்திலேயே 'சாந்த செவன' இருக்கிறது. 1948இல் தொடங்கிய இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்துகிற ஹொஸ்பிஸ், குணப்படுத்தும் வைத்தியம் முடிந்தவர்களைக் காசு வாங்காமல் வைத்துப் பார்க்கிற இடம். பிள்ளைகளுக்கென்று இந்திரா புற்றுநோய் அறக்கட்டளை கட்டிய 'சுவ அரண'வும் மகரகமவில்தான். வெள்ளவத்தையில் ஒவ்வொரு ஐ.சி.யூ.வுக்கும் வழி சொல்லக்கூடியவர்களிடம் சாந்த செவன என்று சொல்லிப் பாருங்கள், "அது என்ன, பன்சலையோ?" என்பார்கள். கேட்டிருக்கிறேன்.

ஹொஸ்பிஸ் என்றால் சாகக் கொண்டுபோய்ப் போடுகிற இடம் என்றுதான் எங்கள் ஆட்களுக்கு நினைப்பு. அதை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தவர் சிசிலி சோண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண். முதலில் நேர்ஸ், பிறகு சமூக சேவகி, கடைசியில் டொக்டருக்கும் படித்தார். சாகிறவர்களின் வலியை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதற்காகவே படித்தார் என்று சொல்லலாம். 1967இல் லண்டனில் சென் கிறிஸ்ரோபர்ஸ் ஹொஸ்பிஸைத் திறந்தார். அவர் வற்புறுத்திய விஷயம் கேட்கச் சின்னதாக இருக்கும்: வலி வந்த பிறகு மருந்து கொடுக்காதே, வருமுன்னே மணிக்கணக்கில் கொடு. வலிக்காகக் காத்திருக்கிற பயம் போய்விட்டால் நோயாளி மருந்துக்குக் கெஞ்சவும் மாட்டார், மயங்கியும் கிடக்கமாட்டார். உயிரைப் போக்க ஊசி போடுவதை அவர் கடைசிவரை எதிர்த்தவர். 2005இல் அதே ஹொஸ்பிஸில்தான் இறந்தார்.

பப்பாவின் கட்டிலடியில் நான் பார்த்தது அந்த மணிக்கணக்கைத்தான். சிநேகிதி ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு கீறி வைத்திருந்தாள். நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மோர்பீன். காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, பின்னேரம் ஆறு, இரவு பத்து. இரவு பத்துக்கு இரட்டிப்பு, அப்போதுதான் இரண்டு மணிக்கு அவரை எழுப்பத் தேவையில்லை. பக்கத்துக் கோட்டில் வயிறு போனதா இல்லையா. மோர்பீனோடு மலமிளக்கியும் சேர்த்துத்தான் எழுதித் தருவார்கள், அதை விட்டால் வலியைவிட மலச்சிக்கல் ஆளைக் கொன்றுவிடும். முதல் இரண்டு மூன்று நாள் நித்திரையும் குமட்டலும் இருந்தது, பிறகு தெளிந்துவிட்டார். ஜூன் 13 அந்தோனியார் திருநாளுக்கு மகன் த்ரீவீலரில் ஏற்றிக் கொச்சிக்கடைக்குக் கொண்டுபோனான். கூட்டத்துக்குள் இறங்காமல் வண்டிக்குள் இருந்தபடியே கும்பிட்டுவிட்டு, வரும் வழியில் ஐஸ் சொக் ஒன்று கேட்டுச் சாப்பிட்டார்.

மோர்பீன் என்றதும் எங்கள் வீடுகளில் விழுகிற முகங்களைப் பற்றி ஒரு தனிப் பதிவே எழுதலாம். "பழகிப் போயிடுவார்." எழுபத்தாறு வயதில், எலும்பெல்லாம் புற்றுநோயாக இருக்கிறவர் பழகிப்போய் எந்தச் சந்தியில் நின்று வாங்கப் போகிறார்? "மூச்சை நிப்பாட்டிப் போடும்." அளந்து தொடங்கி, படிப்படியாகக் கூட்டினால் அப்படி நடப்பது மிக அரிது, மூச்சுத் திணறலுக்கே சின்ன அளவு மோர்பீன் கொடுப்பார்கள். அதோடு மேசை விசிறியை முகத்துக்கு நேரே பிடித்தால் பாதித் திணறல் குறையும், பப்பா வீட்டில் பார்த்தேன். "அது கடைசி மருந்தெல்லே?" இதுதான் உண்மையான பயம். கடைசி என்று ஒத்துக்கொள்ளப் பயம், அதனால் வலியோடு கிடக்க விடுகிறோம். உலகத்தில் இப்படி வலி தணிக்கிற பராமரிப்புத் தேவைப்படுகிறவர்களில் 14 வீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்துத் தட்டுப்பாடு, சட்டக் கெடுபிடி எல்லாம் காரணங்கள்தான். ஆனால் கிடைக்கிற மருந்தையும் அலுமாரிக்குள் பூட்டி வைக்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

பப்பா வீட்டில் அழுகை இல்லாமல் இல்லை. அவர் சாப்பாட்டை மறுத்த கிழமைதான் எல்லோருக்கும் கஷ்டமாகப் போனது. எங்கள் ஆட்களுக்குப் பாசம் என்றால் சோறு. தீத்தாமல் இருக்க முடியாது. உடம்பு மூடத் தொடங்கும்போது பசி முதலிலேயே போய்விடும், வற்புறுத்தித் தீத்தினால் புரைக்கேறிச் சுவாசப்பைக்குள் போகும் என்று வந்து பார்த்த பென்ஷன் நேர்ஸ் ஒருத்தர் விளக்கினார். உதட்டை நனைத்து விடுங்கள், வாயைத் துடைத்து விடுங்கள், அது போதும் என்றார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, எயார் மெத்தை, குதிக்காலுக்குக் கீழே சின்னத் தலையணை. இப்படி வேலை ஓயாது. "ஒன்றும் செய்யாமல் வீட்டில் வைச்சிருக்கினம்" என்று யாரோ சொன்னபோது சிநேகிதிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசி இரவில் சேடம் இழுத்தது. அந்தச் சத்தத்தில்தான் முக்கால்வாசி வீடுகளில் அம்புலன்ஸுக்கு அடிப்பார்கள். தொண்டையில் தேங்குகிற சளியை விழுங்க உடம்புக்குத் தெரியாமல் போகும் சத்தம் அது. கேட்கிற எங்களுக்குத்தான் வேதனை, அந்த நிலையில் அவருக்கு அது தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். நேர்ஸ் முன்கூட்டியே இதைச் சொல்லி வைத்திருந்தபடியால் யாரும் போனைத் தூக்கவில்லை. ஃபாதர் மாலையிலேயே வந்து அவஸ்தை பூசிவிட்டுப் போயிருந்தார்.

ஃபாதரிடம் நான் ஒன்று கேட்டேன், சைவக்காரிதானே, எனக்குத் தெரியாது: மெஷினில் போடாமல் விடுவது உங்கள் வேதத்தில் பாவமில்லையா? சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னார். 1957இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதரிடம் மயக்க மருந்து டொக்டர்கள் இதே கேள்வியைக் கேட்டார்களாம். சாதாரண வைத்தியத்தைத் தேடுவது கடமை, அளவுக்கு மிஞ்சிய பாரமான வழிகளைத் தேட வேண்டும் என்று கடமை இல்லை என்று அவர் பதில் சொன்னார். இப்சன் கோபன்ஹேகனில் பை அமுக்கி ஐந்தே வருஷம். அதற்குள்ளேயே டொக்டர்களுக்கு எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வந்துவிட்டது பாருங்கள்.

எங்கள் சைவ வீடுகளில் மட்டும் என்ன? தலைமாட்டில் விளக்கு, சிவபுராணம் படிக்கிற சத்தம், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் வரிசையாக வந்து வாயில் ஒரு சொட்டுப் பால். போகிறவரைச் சுற்றி ஆட்கள் இருக்க வேண்டும் என்றுதான் இதெல்லாம் வந்தது. ஐ.சி.யூ.வில் ஒருத்தர் மாறி ஒருத்தர், பத்து நிமிஷம். பெரியம்மாவின் காதில் என் போனை வைத்துச் சிவபுராணம் போட்டேன், சார்ஜ் முடியும் தறுவாய். தொண்டைக்குள் குழாய் இருக்கிறவர் வாயில் பால் பருக்க முடியாது. உயிர் போன பிறகு நேரே ஃபியூனரல் பார்லருக்குத்தான். வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில் பெட்டி லிஃப்டுக்குள் போகாது, மற்ற வீட்டுக்காரரும் முகம் சுளிப்பார்கள். செத்தவீடு மூன்று மணித்தியாலம், பிறகு கனத்தை.

வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று நான் சொல்லும்போது வருகிற முதல் கேள்வி இதுதான்: "வீட்டில போனால் பொலிஸ், போஸ்ட்மோட்டம் எண்டு அலைய விடுவாங்களெல்லே?" இந்தப் பயத்துக்காகவே கடைசி மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுகிறார்கள். வருத்தம் இன்னது என்று கிளினிக் கோப்பும், தொடர்ந்து பார்த்துவந்த டொக்டரும் இருந்தால் அந்த அலைச்சல் பெரும்பாலும் வராது. டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். கிராம சேவகரையும் தெரிந்து வைத்திருங்கள், அது எதற்கும் நல்லது.

எல்லோராலும் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், மூன்றாம் மாடியில் எழுபது வயது மனுசி எழுபத்தைந்து வயதுப் புருஷனைப் புரட்டிப் படுக்க வைப்பது என்றால் நடக்கிற காரியமா? அதற்குத்தான் சாந்த செவன போன்ற இடங்களும் வீட்டுக்கு வருகிற நேர்சுகளும் வேண்டும். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் டொக்டர் ராஜகோபாலும் கூட்டாளிகளும் இந்தப் பராமரிப்பை ஒரு சின்னக் கிளினிக்கில் தொடங்கினார்கள். பிறகு ஊர் ஆட்களே பயிற்சி எடுத்து, காசு சேர்த்து, பக்கத்து வீட்டு நோயாளியைப் போய்ப் பார்க்கிற அளவுக்கு வளர்ந்து, 2008இல் மாநில அரசே அதற்கென்று கொள்கை வகுத்தது. எங்களிடம் காசுக்கா குறை? 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து, சிங்களவரும் தமிழரும் சேர்ந்து திரட்டிய பணத்தில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பியது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கமும் ரொறொன்ரோவில் டின்னர் வைத்து ஊரில் வளைவு கட்டுகிறது. ஒரு வளைவுக் காசில் இரண்டு நேர்சுகளை வைத்து வெள்ளவத்தை முழுக்க வருஷக்கணக்கில் சுற்றலாம். சொன்னால் கோபிப்பார்கள்; சொல்லிவிட்டேன்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2014இல் உலக சுகாதாரப் பேரவை, வலி தணிக்கிற இந்தப் பராமரிப்பைப் பலப்படுத்தச் சொல்லி எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. இங்கே 2019 முதல் 2023 வரைக்கும் என்று ஒரு தேசியத் திட்டம் எழுதினார்கள். நடுவில் கொரோனாவும் 2022இன் மருந்துத் தட்டுப்பாடும் வந்தன. டொக்டர்களுக்கு இந்தத் துறையில் பட்டப்பின் டிப்ளோமா இருக்கிறது. நல்லது. ஆனால் தமிழில் உட்கார்ந்து கதைக்க ஒருவர் வாட்டில் இல்லாவிட்டால், சாவு பற்றிய கதை என்னைப் போன்ற கணக்கப்பிள்ளையின் வாய்வழியாகத்தான் குடும்பத்துக்குப் போய்ச் சேரும்.

நோயாளிக்குச் சொல்லலாமா என்ற பழைய சண்டைக்கு வருகிறேன். "தெரிஞ்சால் உடைஞ்சு போயிடுவா" என்பதுதான் வாதம். 2010இல் அமெரிக்காவில் சுவாசப்பைப் புற்றுநோய் பரவிய 151 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம், மற்றவர்களுக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே வலி, மனம், விருப்பம் எல்லாம் கதைக்கிற பராமரிப்பும். இரண்டாவது கூட்டத்தில் கடைசி நேரக் கடும் வைத்தியம் எடுத்தவர்கள் குறைவு, மனச்சோர்வும் குறைவு. அதோடு அவர்கள்தான் கூட நாள் இருந்தார்கள்: 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். இதை நான் வைத்திய ஆலோசனையாகச் சொல்லவில்லை. ஆனால் "கதைச்சால் கெதியாப் போயிடுவா" என்கிறவர்கள் என்ன ஆதாரத்தில் சொல்கிறார்கள் என்று கேட்பேன்.

இப்போதெல்லாம் ஐ.சி.யூ. ஃபோர்மில் கையெழுத்துக்கு முன்னால் டொக்டரிடம் நானாக ஒரு கேள்வி கேட்கிறேன். பிழைப்பாரா என்று கேட்பதில்லை, அதற்கு "ஃபிஃப்டி ஃபிஃப்டி" தான் வரும். "மேக்கென் எயா கெதற யய்த?" இதனால் அவர் வீட்டுக்குப் போவாரா என்று. கதவைத் தாண்டி, தன் வாயால் தேத்தண்ணி குடிக்கிற நிலைக்கு வருவாரா? அந்தக் கேள்விக்கு டொக்டர்கள் ஒரு கணம் நிற்பார்கள். அநேகமானவர்கள் அதன் பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கதைத்திருக்கிறார்கள். ஒருத்தர் எரிந்து விழுந்தார், சரி, அவருக்கும் நித்திரை இல்லை. போகமாட்டார் என்றால் அடுத்த கேள்வி: வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் வைத்திருக்க என்ன செய்வீர்கள்? பதில் நிறைய இருக்கும். கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை.

இந்தியாவில் 2018இல் உச்ச நீதிமன்றம், குணப்படுத்த முடியாத நிலையில் எனக்குச் செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. 2023இல் அதற்கான நடைமுறையையும் இலகுவாக்கியது. இலங்கையில் அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. எழுதி வைக்கக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. டொக்டரை அது கட்டுப்படுத்தாமல் போகலாம், ஆனால் பிள்ளைகள் வாசலில் நின்று அடிபடும்போது நடுவில் வைக்க ஒரு கடதாசி இருக்கும்.

நான் எழுதிவிட்டேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, பாங்க் புத்தகம் இருக்கிற உறைக்குள். டெங்கு, சத்திரசிகிச்சைக்குப் பிறகு வந்த கிருமி, விபத்து, இப்படித் திரும்பி வரக்கூடியது எதுவென்றாலும் தாராளமாக ஐ.சி.யூ.வில் போடுங்கள், குழாயும் வையுங்கள், கையையும் கட்டுங்கள். பரவிய புற்றுநோய், ஆளை அடையாளம் தெரியாத மறதி என்று வந்தால் வேண்டாம். மோர்பீன் கேட்டு வாங்குங்கள், கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். நோவு தாங்கிப் புண்ணியம் தேடுகிற ஆள் நானில்லை.

பெரியம்மாவின் மகன் போன மாசம் ஸ்காபரோவிலிருந்து எடுத்தபோது இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உனக்கு விசர். அப்ப நாங்கள் வந்து பாக்கிறதில்லையோ?" என்றார்.

"இப்ப வாங்கோ அண்ணை, கதைச்சுக்கொண்டிருக்கலாம். அந்த நேரம் டிக்கெட் கிடைச்சால் வாங்கோ, கிடைக்காட்டி எட்டுக்கு வாங்கோ" என்றேன்.